அக்காவின் கையெழுத்து

2015ஆம் ஆண்டு, எங்கள் மாவட்டக் கலெக்டர் அலுவலகத்தின் ஓர் அறையில், என்னைவிட நான்கு வயது மூத்த என் அக்காவுக்கு நான் சட்டப்படி பாதுகாவலர் ஆனேன். அக்காவுக்கு அறிவுசார் குறைபாடு உண்டு. பிறவியிலிருந்தே. அன்று அவள் மாம்பழ நிறப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அதற்கு முந்தைய ஒரு மாதமாக, கிழித்துப்போட்ட தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் தன் பெயரை எழுதி எழுதிப் பார்த்திருந்தாள். மூன்றெழுத்துப் பெயர். முதல் எழுத்து எப்போதும் பெரிதாகவும் கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கியும் இருக்கும்.

குழு என்னிடம் என்ன வேலை என்று கேட்டது. அம்மாவிடம், “பொண்ணு தானா சாப்பிட்டுக்குமா?” என்று கேட்டது. அக்காவிடம், “உன் பேர் என்னம்மா?” என்று மட்டும் கேட்டது. சொன்னாள். அவ்வளவுதான். பேனா என் கைக்கு வந்தது, அம்மா கைக்குப் போனது, மேசைக்குத் திரும்பிவிட்டது. பஸ்ஸில் வரும்போது அக்கா கேட்டாள்: “பாப்பா, நான் எப்பக் கையெழுத்துப் போடணும்?”

நான் பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் சட்டங்களைப் படிக்கத் தொடங்கினேன்.

கலெக்டர் அலுவலகத்துக்கு எங்களைக் கொண்டுபோனது அக்காவின் நலன் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா 2012இல் இறந்தார். வீடு அவர் பெயரில் இருந்தது. அண்ணன் வீட்டைத் தன் பெயருக்கு மாற்ற நினைத்தார். நம் குடும்பங்களில் இதற்கென்றே ஒரு காகிதம் இருக்கிறது: விடுதலைப் பத்திரம். ‘பொம்பளப் பிள்ளைங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாப் போச்சு’ என்பார்கள். எதிலிருந்து யாருக்கு விடுதலை என்று அந்தப் பெயரை வைத்தவர்தான் சொல்ல வேண்டும். நான் போட மறுத்தது தனிக்கதை. பத்திர எழுத்தர் அக்காவைப் பார்த்தார். “இந்தம்மா கையெழுத்து செல்லாதுங்க. கார்டியன் வேணும்” என்றார். அவர் சொன்னதற்கு அடிப்படை 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். வயதுக்கு வந்தவரும் ‘நல்ல மனநிலை’ உடையவரும்தான் ஒப்பந்தம் செய்துகொள்ள முடியும் என்கிறது அது. 36 வயதுவரை அக்காவின் கையெழுத்தை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்ட அன்றைக்கு அது செல்லாது என்று தெரிந்தது.

இந்தப் ‘பாதுகாவல்’ எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால் இடைக்கால இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்கிறோம். சுயமாக முடிவெடுக்க முடியாதவர்களுக்கு அரசனே தந்தை என்பது அங்கிருந்த கோட்பாடு. தந்தை என்ன செய்தார்? பிறவியிலேயே அறிவுக் குறைபாடு உள்ளவரை ‘இடியட்’ என்றார்கள். அவருடைய நிலத்தை அரசன் எடுத்துக்கொண்டு, அவருக்குச் சோறும் துணியும் கொடுத்துவிட்டு, மிச்ச வருமானத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம். இடையில் புத்தி பேதலித்தவர் ‘லூனடிக்’. அவர் என்றாவது தெளிந்துவிடக்கூடும் என்பதால் அவர் சொத்தை அரசன் காப்பாற்றி வைக்க மட்டுமே முடியும். இன்று வசைச்சொல்லாகிவிட்ட இந்த இரண்டு சொற்களும் தொடக்கத்தில் நில வருமானம் யாருக்கு என்று பிரிப்பதற்கான சொற்கள். எட்டாம் ஹென்றி 1540இல் இதுபோன்ற வருமானங்களுக்காகவே ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ என்றொரு நீதிமன்றத்தை ஏற்படுத்தினான். அது அங்கே 1660இல் ஒழிக்கப்பட்டது.

ஒழிக்கப்பட்ட அந்தப் பெயர் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு இந்தியாவில் மறுபடி தலைகாட்டியது. 1793இல் கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தில் பிறப்பித்த பத்தாம் ஒழுங்குவிதி, சொந்த நிலத்தை நிர்வகிக்கத் தகுதியில்லாதவர்கள் யார் யார் என்று பட்டியலிடுகிறது: பெண்கள், சிறுவர்கள், இடியட்டுகள், லூனடிக்குகள், இயற்கைக் குறைபாடுகளால் இயலாதவர்கள். பெண்களில் அரசு தகுதியானவர் என்று கருதியவருக்கு மட்டும் விலக்கு. அதாவது பெண் என்றால் முதலில் தகுதியில்லை, பிறகு வேண்டுமானால் பார்க்கலாம். சென்னை மாகாணத்துக்கான கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் ஒழுங்குவிதி 1804இல் வந்தது. சிவகங்கையை ஆண்ட வேலு நாச்சியார் இறந்து எட்டே ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் பாடப்புத்தகங்களில் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்றால் சிறுவயது ஜமீன்தார்களின் கதைதான். ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி சிறுவனாக இருந்தபோது சமஸ்தானம் அதன் பொறுப்பில் இருந்தது, அவருக்கு ஆங்கிலக் கல்வி கிடைத்தது என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சிறுவர்கள் வளர்ந்து பட்டியலிலிருந்து வெளியேறிவிடுவார்கள். பெண்கள் எந்த வயதில் வெளியேறுவார்கள் என்று எந்த மாணவியும் கேட்டதில்லை. எனக்கும் தோன்றியதில்லை. 1902ஆம் ஆண்டின் சென்னைச் சட்டத்திலும் அந்தப் பட்டியல் இருக்கிறது. சொத்தை நிர்வகிக்கத் தகுதியற்றவர் என்று அரசு அறிவித்த பெண்கள், மைனர்கள், சித்தசுவாதீனம் இல்லாதவர்கள் என்று வரிசையாக. ஒரு நூற்றாண்டில் நடந்த முன்னேற்றம் இவ்வளவுதான்: முன்பு பெண்ணுக்குத் தகுதி உண்டு என்று அரசு சொல்ல வேண்டும், இப்போது தகுதி இல்லை என்று அரசு சொல்ல வேண்டும்.

பெண்ணியம் பேசும் நாம் இந்தப் பட்டியலைக் காட்டி, ‘பாருங்கள், நம்மைப் பைத்தியங்களோடும் குழந்தைகளோடும் சேர்த்துவிட்டார்கள்’ என்று கோபப்படுகிறோம். நானும் ஒரு கூட்டத்தில் அப்படிப் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அன்று அக்காவும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். என் கோபம் அந்தப் பட்டியலின் மீது இல்லை, அதில் நான் அவள் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்ததன் மீது என்பது எனக்கு உறைக்கப் பல வருடங்கள் ஆயின.

1857 கலகம் முடிந்த கையோடு, 1858இல் மூன்று லூனசி சட்டங்கள் வந்தன. ஒன்று மனநலக் காப்பகங்களைப் பற்றியது. மற்ற இரண்டும் உச்ச நீதிமன்றங்களும் மாவட்ட நீதிமன்றங்களும் ஒருவரது மனநிலையை விசாரித்துச் சொத்துக்கு மேலாளரை நியமிக்கும் முறை பற்றியவை. சொத்து இருந்தால் விசாரணை. இல்லாதவருக்குக் காப்பகம், அல்லது தெரு. இவற்றை ஒன்றாக்கி வந்த 1912ஆம் ஆண்டு இந்திய லூனசி சட்டத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த ஒரு பிரிவு உண்டு. ஒருவரின் சட்டப்படியான வாரிசை அவருடைய உடலுக்கும் வாழ்வுக்கும் பாதுகாவலராக நியமிக்கக் கூடாது. நியமிப்பது அவருக்கு நன்மை என்று நீதிமன்றம் கருதினால், காரணத்தை எழுத்தில் வைத்துவிட்டு நியமிக்கலாம். இவர் செத்தால் எவருக்கு லாபமோ அவர் கையில் இவரை ஒப்படைக்காதே என்பதுதான் பொருள். காலனியச் சட்டத்துக்குக் குடும்பத்தின் மீது அவநம்பிக்கை இருந்தது. அம்மாவுக்குப் பிறகு அக்காவின் பங்குக்கு அண்ணனும் நானும்தான் வாரிசு. அந்தச் சட்டத்தின் கணக்கில் நான் சந்தேகத்துக்குரியவள்.

ஆனால் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் அக்காவுக்குப் பாதுகாவலரே தேவைப்பட்டிருக்காது. பங்கே கிடையாது. பழைய இந்து தர்ம சாஸ்திர முறைப்படி உடற்குறையும் மனக்குறையும் உள்ளவர்கள் வாரிசுரிமையிலிருந்து விலக்கப்பட்டார்கள். 1928இல் வந்த ஒரு சட்டம் அந்த விலக்கை நீக்கியது, ஒரே ஒரு கூட்டத்தைத் தவிர: பிறவியிலிருந்தே ‘லூனடிக்’காகவோ ‘இடியட்’டாகவோ இருப்பவர்கள். அந்தக் கடைசிக் கதவு 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில்தான் திறந்தது. நோய், குறைபாடு எதையும் காரணம் காட்டி யாருடைய வாரிசுரிமையையும் மறுக்க முடியாது என்றது அது. தகப்பனின் தனிச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பங்கு என்று சொன்னதும் அதே சட்டம்தான். மகள் என்ற பூட்டும் பிறவிக் குறை என்ற பூட்டும் என் அக்காவுக்கு ஒரே நாளில் கழன்றிருக்கின்றன. கழன்றதும் அவள் கையெழுத்துக்கு விலை வந்துவிட்டது.

இனி 1996க்கு வருகிறேன். இதை எழுதலாமா என்று அக்காவிடம் கேட்டேன். எழுது, பேரைப் போடாதே என்றாள்.

அக்காவுக்கு அப்போது 20 வயது. ஒரு மருத்துவமனையில் அவளுக்குக் கருப்பை நீக்க அறுவை சிகிச்சை நடந்தது. கருப்பையில் ஒரு கோளாறும் இல்லை. ‘இவளுக்கு இது எதுக்கு? மாசாமாசம் நீங்க எவ்வளவு கஷ்டப்படுறீங்க? நாளைக்கு எவனாவது ஏதாவது பண்ணிட்டா?’ என்று மருத்துவர் அம்மாவிடம் கேட்டாராம். அம்மா கையெழுத்துப் போட்டார். நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு அப்பெண்டிசைட்டிஸ் என்று எனக்குச் சொன்னார்கள். அவளுக்கு எதுவும் சொல்லவில்லை.

அந்த மூன்றாவது கேள்வியைக் கவனியுங்கள். கருப்பையை எடுத்துவிட்டால் எவனும் எதுவும் பண்ணாமல் இருக்க மாட்டான். பண்ணினால் வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1994 பிப்ரவரியில், மகாராஷ்டிரத்தின் ஷிரூரில் இருந்த அரசு இல்லத்தைச் சேர்ந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்கள் பலருக்குப் புனே சசூன் மருத்துவமனையில் இதே அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. மாதவிடாய்ச் சுகாதாரம் என்று காரணம் சொன்னார்கள். பெண்கள் அமைப்புகள் எதிர்த்த பிறகே மற்றவர்களுக்குச் செய்வது நிறுத்தப்பட்டது. அந்தப் பெண்களுக்கு அரசு பாதுகாவலர், என் அக்காவுக்கு அம்மா. நாடு முழுக்கப் பேசப்பட்ட அந்தச் செய்தி எங்கள் ஊர் மருத்துவமனை வாசலைத் தாண்டவில்லை.

சட்டப்படி பார்த்தால் அம்மாவின் கையெழுத்தும் செல்லாது. 18 வயது முடிந்ததும் பெற்றோரின் இயற்கைப் பாதுகாவல் முடிந்துவிடுகிறது. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த மனநலச் சட்டம், 1987இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்தது. மனநோயாளி யார் என்று சொல்லும்போதே அது அறிவுசார் குறைபாட்டை விலக்கிவிட்டது. இரண்டும் வேறு வேறு என்பது சரியான புரிதல்தான். ஆனால் அக்கா போன்றவர்களுக்கு வேறு சட்டம் எதையும் அப்போது எழுதிவைக்கவில்லை. 1996இல் அம்மா அவளுக்குப் பாதுகாவலராக விரும்பியிருந்தால்கூட மனுப் போட அந்தச் சட்டத்தில் இடமில்லை. இல்லாத அதிகாரத்தில் அம்மா கையெழுத்திட்டார், மருத்துவர் வாங்கிக்கொண்டார். விடுதலைப் பத்திரத்துக்கு வந்த கேள்வி கருப்பைக்கு வரவில்லை. அண்ணனிடம் இதைச் சொன்னபோது, “அது வேற, இது வேற” என்றார். எப்படி வேறு என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை.

1999 டிசம்பரில் நேஷனல் டிரஸ்ட் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. ‘எங்களுக்குப் பிறகு இந்தப் பிள்ளைக்கு யார்?’ என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த பெற்றோர்களுக்கு அரசு கொடுத்த பதில் அது. நீதிமன்றத்துக்கு அலைய வேண்டாம். மாவட்ட ஆட்சியர், பதிவுபெற்ற அமைப்பின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் ஆகியோர் அடங்கிய உள்ளூர்க் குழுவே பாதுகாவலரை நியமிக்கும். நல்ல சட்டம் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். இவருக்குப் பாதுகாவலர் தேவையா, என்ன காரியத்துக்குத் தேவை என்ற இரண்டு கேள்விகளைக் குழு பரிசீலிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. எங்களிடம் கேட்டது, தானாகச் சாப்பிடுவாளா என்பதை. ஆண் ஒருவர் தனியாக ஒரு பெண்ணுக்குப் பாதுகாவலராக முடியாது, மனைவியோடு சேர்ந்துதான் ஆகலாம் என்றும் விதி உண்டு. அண்ணன் தன் பெயரில் விண்ணப்பிக்கப் போனபோது அண்ணியின் பெயரும் வேண்டும் என்று தெரிந்தது. ‘எனக்கு இருக்குற வேலையில இது வேறயா?’ என்று அண்ணி மறுத்துவிட்டார். அப்படித்தான் அது என்னிடம் வந்தது.

ஆணைச் சந்தேகப்பட்ட சட்டம் வாரிசைச் சந்தேகப்படவில்லை. பெற்றோரும் உறவினரும்தான் விண்ணப்பதாரர்கள். சொத்துப் பட்டியலை ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். கொடுக்கிறேன், காட்டுகிறேன். அக்கா எப்படி இருக்கிறாள் என்று சொல்ல அந்தப் படிவங்களில் எனக்கு ஒரு கட்டமும் அகப்படவில்லை.

2009இல் சண்டிகரில் நடந்த வழக்கை நம்மில் பலர் மறந்திருப்போம். அரசு இல்லத்தில் இருந்த, 20 வயதை ஒட்டிய, அறிவுசார் குறைபாடுள்ள ஒரு பெண் அங்கேயே பாலியல் வன்முறைக்கு உள்ளாகிக் கர்ப்பமானார். கருவைக் கலைக்க நிர்வாகம் உயர் நீதிமன்றத்தின் அனுமதி கேட்டது. நிபுணர் குழு அவரிடம் பேசிப் பார்த்தது. குழந்தை வேண்டும் என்றார். குழுவும் கர்ப்பம் தொடரலாம் என்றே பரிந்துரைத்தது. ஆனாலும் உயர் நீதிமன்றம் கலைக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் ஜூலையில் தடை விதித்து, ஆகஸ்ட் 28இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு நின்றது ஒரு சொல்லின் மேல். 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம், ‘லூனடிக்’கான பெண்ணுக்குப் பாதுகாவலரின் சம்மதம் போதும் என்றது. 2002 திருத்தம் அந்த இடத்தில் ‘மனநோயாளி’ என்று போட்டு, அறிவுசார் குறைபாட்டை அதிலிருந்து விலக்கியது. எனவே வயதுவந்த இந்தப் பெண்ணின் சம்மதம் இல்லாமல் யாரும் கலைக்க முடியாது. நேஷனல் டிரஸ்டின் அப்போதைய தலைவர், சென்னையில் வித்யாசாகர் அமைப்பை உருவாக்கிய பூனம் நடராஜன், அந்தப் பெண்ணைக் கவனித்துக்கொள்ளவும் குழந்தை வளர்ப்பில் உதவவும் தயார் என்று நீதிமன்றத்திடம் உறுதி கூறியிருந்தார்.

கருக்கலைப்பு உரிமைக்காகப் பேசிப் பழகிய எனக்கு அந்தத் தீர்ப்பு அப்போது எரிச்சலாக இருந்தது. வன்முறையால் வந்த கருவைச் சுமக்கச் சொல்வதா என்று கேட்டேன். ‘அவளுக்கு என்ன தெரியும்?’ என்று நான் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. மருத்துவர் அம்மாவிடம் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்.

2007இல் இந்தியா, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றது. மற்ற எவரையும் போலவே மாற்றுத்திறனாளிகளுக்கும் சட்டத் தகுதி உண்டு, முடிவெடுக்க உதவி தேவையென்றால் அந்த உதவியைக் கொடு என்கிறது அதன் 12ஆம் பிரிவு. அதை ஒட்டி வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் ‘வரையறுக்கப்பட்ட பாதுகாவல்’ என்ற ஒன்றைச் சொல்கிறது. குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவரோடு சேர்ந்து, அவர் விருப்பப்படி. சம்மதம் இல்லாமல் மலடாக்கும் சிகிச்சையைத் தடுக்கிறது. பெண்ணின் வெளிப்படையான சம்மதமில்லாத கருக்கலைப்புக்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. ஆனால் குறைபாடு ‘கடுமையாக’ இருந்தால், மருத்துவரின் கருத்தோடு பாதுகாவலரின் சம்மதம் போதும் என்று அங்கேயே ஒரு சந்து விட்டிருக்கிறது. கடுமை என்பதற்கு அளவுகோல் யார் கையில் என்று உங்களுக்கே தெரியும்.

வேறு சட்டங்களின்கீழ் முன்பே நியமிக்கப்பட்ட பாதுகாவலர்களும் இனி வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்களாகவே கருதப்படுவார்கள் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. 2017 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. அன்றிரவு தூங்கப்போகும்போது முழுப் பாதுகாவலராக இருந்த நான், காலையில் அக்காவைக் கேட்காமல் எதையும் முடிவுசெய்ய முடியாதவளாக எழுந்திருக்கிறேன். யாரும் கடிதம் போடவில்லை. பீரோவில் இருந்த சான்றிதழ் அப்படியே இருந்தது.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அக்காவின் தீட்டுத்துணியைப் பத்து வயதுப் பிள்ளையிலிருந்து இருபது வயதுவரை துவைத்தது அவர் ஒருவர்தான். அப்பா துவைக்கவில்லை, அண்ணன் துவைக்கவில்லை, அரசும் துவைக்கவில்லை. எனக்கு வந்ததும், என் துணியை நானே துவைத்துக்கொண்டேன் என்பதற்காக நல்ல பிள்ளை ஆனேன். இறப்பதற்கு முந்தைய வருடம், 2020இல், அந்த ஆபரேஷனைப் பற்றி அம்மாவிடம் கேட்டேன். “அப்ப வேற யாரு இருந்தா எனக்கு?” என்றார். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற என்னால் முடியவில்லை. அவர் செய்தது சரி என்று எழுதவும் முடியவில்லை.

போன வருடம், குளித்துவிட்டு வந்த அக்கா வயிற்றுத் தழும்பைக் காட்டி, இது என்ன என்று கேட்டாள். முன்பும் கேட்டிருக்கிறாள். ஆபரேஷன் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். இந்த முறை முழுக்கச் சொன்னேன். கருப்பை என்றால் என்ன, எதற்கு எடுத்தார்கள், அது இல்லாவிட்டால் பிள்ளை பிறக்காது, எல்லாம். பொறுமையாகக் கேட்டாள்.

“அம்மா சொன்னாங்களா எடுக்கச் சொல்லி?”

“ஆமா.”

“என்னைக் கேட்டாங்களா?”

“இல்லக்கா.”

டிவியைப் போட்டுக்கொண்டாள். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அம்மாவின் படத்துக்கு வழக்கமாகப் பூ வைப்பவள், அந்த இரண்டு நாளும் வைக்கவில்லை.

அடுத்த மாதம் அவளுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. கிளினிக் வாசலிலேயே நின்றுவிட்டாள். “உள்ள என்ன பண்ணுவாங்க?” ஊசி போடுவார்கள், மரத்துப்போகும், பல்லை எடுப்பார்கள், ரத்தம் வரும், பஞ்சு வைப்பார்கள் என்று வரிசையாகச் சொன்னேன். “பல்லு மட்டும்தான?” “பல்லு மட்டும்தான்.” யோசித்துவிட்டு, “நீ கையெழுத்துப் போடாத” என்றாள்.

வரவேற்பில் இருந்த பெண் சம்மதப் படிவத்தை என்னிடம் நீட்டினார். அக்காவிடம் கொடுங்கள் என்றேன். என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். அக்கா பேனாவை வாங்கி, கோடு எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, எழுத ஆரம்பித்தாள். எங்களுக்குப் பின்னால் ஐந்து பேர் டோக்கனோடு காத்திருந்தார்கள்.